காலண்டரைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துப் பராமரிக்க: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், "இனி மிஷினின் நிலையைப் பார்த்துப் பராமரிக்கும் முறைக்கு மாறுங்கள்" என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது, எங்கே தொடங்குவது என்று எடுத்துச்சொல்ல அருகில் யாரும் இல்லை. கருவி விற்க வந்தவர்கள் கருவியைப் பற்றியே பேசினார்கள். பயிற்சி நடத்துபவர்கள் பயிற்சியைப் பற்றியே பேசினார்கள். எந்தத் தாளை முதலில் தயாரிக்க வேண்டும், எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எந்த வேலைக்கு எத்தனை வாரம் பிடிக்கும் என்பதையெல்லாம் ஒன்றரை ஆண்டு அலைந்துதான் தெரிந்துகொண்டேன். பாயான் லெப்பாஸிலோ, புக்கிட் மின்யாக்கிலோ, பத்து காவானிலோ இதே வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருந்தால், அந்த ஒன்றரை ஆண்டில் பாதியையாவது இந்தக் கட்டுரை மிச்சப்படுத்த வேண்டும் என்பதே என் விருப்பம்.

மூன்று மாதம் ஆனது, ஆகவே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்று என்பது காலண்டர் பராமரிப்பு. அதிர்வு, வெப்பம், எண்ணெய், மின்னோட்டம், ஓசை ஆகியவற்றை அளந்து, அந்தப் பேரிங் கெடத் தொடங்கியதற்கான அறிகுறி தெரிந்தபின், அது முழுவதும் கெடுவதற்குள் மாற்றுவது நிலைகண்டு செய்யும் பராமரிப்பு. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வேலைக்கு வருவோம்.

1. கருவி வாங்கும் முன் மிஷின் பட்டியலை முடியுங்கள்

கணக்குப் பிரிவில் ஒரு சொத்துப் பட்டியல் இருக்கும். அதை நம்பி இறங்காதீர்கள். அதில் வாங்கிய தேதியும் விலையும் இருக்கும். மோட்டாரின் வேகமோ பேரிங் எண்ணோ இருக்காது. நீங்களே ஒரு டெக்னீஷியனை அழைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு ஒவ்வொரு மிஷினாகப் போக வேண்டும். பல மோட்டார்களின் பெயர்த் தகட்டின்மேல் மூன்று தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டினால்தான் கிலோவாட், சுழற்சி வேகம், ஆம்பியர், இரு முனைப் பேரிங் எண்கள் ஆகியவை தெரியும். தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, மிஷின் எண்ணையே படத்தின் பெயராக வைத்துச் சேமியுங்கள்.

ஒவ்வொரு மிஷினுக்கும் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை: எது எதைச் சுழற்றுகிறது, இரு தண்டுகளை நேராக இணைக்கும் கப்பிளிங்கா பெல்ட்டா கியர்பாக்ஸா, வேகம் நிலையானதா, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் இன்வெர்ட்டர் மூலம் மாறுவதா, என்ன கிரீஸ், என்ன எண்ணெய், மாற்று மோட்டாரோ பம்ப்போ ஸ்டோரில் இருக்கிறதா, இல்லையென்றால் வந்துசேர எத்தனை நாள். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் ஒரு கியர்பாக்ஸும், பட்டர்வொர்த் கடையில் அன்றைக்கே கிடைக்கும் ஒரு மோட்டாரும் ஒரே கவனத்துக்குரியவை ஆகா.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சலியுங்கள். இது நின்றால் யாருக்காவது காயம் படுமா? இது நின்றால் எத்தனை மிஷின்கள் கூடவே நிற்கும்? இதற்கு மாற்று வழி உண்டா? எங்கள் தொழிற்சாலையில் விலை உயர்ந்த மோல்டிங் மிஷின்களைவிட, மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு 30 கிலோவாட் குளிர்நீர்ப் பம்ப்தான் பட்டியலின் உச்சிக்கு வந்தது. ஒரு மோல்டிங் மிஷின் நின்றால் ஒன்றுதான் நிற்கும். அந்தப் பம்ப் நின்றால் பதினான்கும் நின்றுவிடும். ஏறத்தாழ நூறு மிஷின்கள் உள்ள இடத்தில் இந்த வேலைக்கு இரண்டிலிருந்து மூன்று வாரம் ஒதுக்குங்கள். செலவு, சம்பளம் மட்டுமே.

முதல் ஆண்டுக்கு இருபது மிஷின்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. அது எப்படிக் கெடும் என்று எழுதியபின் எதை அளப்பது என்று எழுதுங்கள்

"எல்லாவற்றுக்கும் அதிர்வு பார்ப்போம்" என்று தொடங்குவது பொதுவான தவறு. ஒவ்வொரு மிஷினும் எந்த வழியில் சாகும் என்று முதலில் எழுத வேண்டும். மோட்டாரும் பம்ப்பும் விசிறியும் பெரும்பாலும் பேரிங், சமநிலைக் குறைவு, கப்பிளிங் நேர்கோட்டில் இல்லாமை, தளர்ந்த போல்ட் ஆகியவற்றால் கெடும். இவற்றுக்கு அதிர்வு அளவீடு பொருந்தும். மோல்டிங் மிஷினின் ஹைட்ராலிக் பகுதி பெரும்பாலும் எண்ணெயில் சேரும் தூசாலும் தண்ணீராலும், கூலர் அடைத்துக்கொண்டு எண்ணெய் சூடேறுவதாலும் கெடும். அதற்கு எண்ணெய்ப் பரிசோதனை வேண்டும். மின்பலகையில் தளர்ந்த இணைப்பு, வெப்பக் கேமராவில் தெரியும். காற்றுக் குழாய்க் கசிவுக்கும், மெதுவாகச் சுழலும் பேரிங்கில் கிரீஸ் போதாமல் போவதற்கும் மீயொலிக் கருவி உதவும். மோட்டாரின் சுருள் காப்பு நிலையைக் காப்புத்தடை அளவீடு சொல்லும். 1000 வோல்ட்டுக்குக் குறைவான சாதாரண மோட்டார்களுக்கு 40 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய மதிப்பு 5 மெகாஓம் என்பது குறைந்தபட்ச அளவு.

முன்னறிவிப்பே தராமல் சாகும் பொருள்களும் உண்டு. கட்டுப்பாட்டு அட்டைகள், சில சென்சார்கள், ரிலேக்கள் போன்றவற்றை எத்தனை முறை அளந்தாலும் பயனில்லை. அவற்றுக்கு மாற்றுப் பொருளை ஸ்டோரில் வைத்திருப்பதே பராமரிப்பு. விலை மலிவாகவும் மாற்றுவது எளிதாகவும் உள்ள சிறு எக்ஸாஸ்ட் விசிறியைக் கெடும் வரை ஓட்டி மாற்றுவதிலும் தவறில்லை. இதைத் துணிந்து எழுதி வையுங்கள், இல்லையேல் ஆடிட்டர் வந்து, "இதை ஏன் அளக்கவில்லை?" என்று கேட்கும்போது பதில் தேட வேண்டியிருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அறிகுறி முதலில் தெரியும் நாளுக்கும் மிஷின் நிற்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் அளக்க வேண்டும். ஒரு பேரிங் அறிகுறி காட்டி எட்டு வாரத்தில் நிற்கும் என்றால், மாதம் ஒருமுறை அளப்பதே விளிம்பில் நிற்பது போலத்தான். உதிரிபாகம் வர ஆறு வாரம் ஆகும் என்றால் அது போதவே போதாது.

3. சட்டம் கேட்கும் தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள்

அளவீடு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சட்டப்படியான பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. காற்றுக் கம்ப்ரஸரோடு வரும் அழுத்தத் தொட்டி, நீராவிக் கொதிகலன், மேல்நிலைக் கிரேன், சரக்கு லிஃப்ட் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இவை 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பொறுப்பில் இருப்பது நாம் டோஷ் என்று அழைக்கும் அதே தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைதான். உங்கள் அலுவலகக் கோப்பில் உள்ள படிவங்களும் நடைமுறைக் குறிப்புகளும் இன்னும் பழைய சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவற்றைத் திருத்துங்கள். சான்றிதழ் காலாவதியாகும் தேதிகளை உங்கள் அளவீட்டு அட்டவணையிலேயே தனி நிறத்தில் எழுதி, குறைந்தது மூன்று மாதம் முன்னதாகவே நினைவூட்டல் வருமாறு செய்யுங்கள்.

வெப்பக் கேமராவை வாங்கியதும் மின்பலகையைத் திறந்து படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். உயிர் மின்சாரம் உள்ள பலகையின் கதவைத் திறப்பது, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள மின்பணியாளரான சார்ஜ்மேனின் பொறுப்பில், அந்த மின்னழுத்தத்துக்கு உரிய தகுதியோடும் பாதுகாப்பு உடையோடும் நடக்க வேண்டியது. எங்களிடம் பயிற்சி பெற வந்தவர்களில் ஒருவர், கேமரா கையில் இருந்த உற்சாகத்தில் ஒரு பலகையின் உட்கதவைத் தானே கழற்றப் போனார். சார்ஜ்மேன் குரல் கொடுத்து நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அன்றே ஓர் எழுத்துபூர்வ அனுமதித் தாளைக் கொண்டுவந்தோம். நீங்கள் முதல் நாளிலேயே கொண்டுவாருங்கள்.

அதேபோல், அளவீட்டுக்காகக் கப்பிளிங் கவசத்தைக் கழற்றாதீர்கள். சென்சார் வைக்க முடியாத இடமாக இருந்தால், மிஷினை நிறுத்திப் பூட்டு போட்டு அட்டை மாட்டிய பிறகு கவசத்தில் ஒரு கை நுழையாத சிறு துளை போட்டுக்கொள்வதோ, நிலையான சென்சாரையும் அதன் கம்பியையும் வெளியே கொண்டுவருவதோதான் வழி.

4. வாங்குவதா, வெளியாரா

இங்கேதான் பணம் வீணாகிறது. மூன்று வழிகளும் அவற்றின் செலவின் அளவும் இப்படி இருக்கும். மொத்த அதிர்வை மட்டும் காட்டும் பேனா போன்ற கருவி சில ஆயிரம் ரிங்கிட்டில் முடியும். அதிர்வை அதிர்வெண்வாரியாகப் பிரித்து ஸ்பெக்ட்ரமாகக் காட்டும் முழு அனலைசர், மென்பொருளோடு சேர்த்துப் பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகும். அதற்கு ஆண்டுதோறும், கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கேலிப்ரேஷன் செலவும், பெரும்பாலும் மென்பொருள் உரிமக் கட்டணமும் உண்டு. வெளி நிறுவனத்தை மாதம் ஒருமுறை வரவழைத்தால் நாள்கணக்கிலோ அளவீட்டுப் புள்ளிக்கணக்கிலோ கட்டணம். எண்ணெய்ப் பரிசோதனை ஒரு மாதிரிக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் எழுத்துபூர்வ விலைப்புள்ளி வாங்காமல் எந்தத் தொகையையும் பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

என் முடிவைக் கேட்டால், முதல் ஆண்டு பேனாக் கருவி ஒன்றை வாங்கி உங்கள் ஆட்களே வாரந்தோறும் அளக்கட்டும். ஸ்பெக்ட்ரம் வேலைக்கு வெளியாரை அழையுங்கள். இரண்டாம் ஆண்டில்தான் அனலைசரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆள் தயாராவதற்கு முன் கருவி வந்துவிட்டால், அது அலமாரியில் பெட்டியோடு தூங்கும். உத்தரவாதக் காலம் அங்கேயே ஓடித் தீரும்.

வெளியாரிடம் விலைப்புள்ளி கேட்கும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள்: அளப்பவருக்கு ஐஎஸ்ஓ 18436-2 தகுதிச் சான்றிதழ் எந்த நிலையில் உள்ளது, கருவியின் கேலிப்ரேஷன் சான்றிதழ், ஒரு மாதிரி அறிக்கை, அறிக்கை எத்தனை நாளில் வரும், ஆபத்தான நிலை தெரிந்தால் அன்றே தொலைபேசியில் சொல்வார்களா. இவற்றைவிட முக்கியமான ஒன்று, மூல அளவீட்டுத் தரவு யாருக்குச் சொந்தம் என்பது. ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு ஆண்டுத் தரவு அவர்களின் கணினியிலேயே போய்விட்டால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. கையில் மிஞ்சியவை அச்சடித்த அறிக்கைகள் மட்டுமே. ஒப்பிடுவதற்கு ஒரு ஸ்பெக்ட்ரம்கூட இல்லை.

கம்பியில்லாச் சென்சார்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பரத் தாளில் பேட்டரி ஆயுளைப் பார்க்கும் முன் அதிர்வெண் வரம்பைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் அளக்கும் சென்சாரால் சமநிலைக் குறைவைக் காட்ட முடியும். பேரிங்கின் தொடக்கக்காலச் சேதத்தைப் பெரும்பாலும் காட்ட முடியாது, ஏனெனில் அது முதலில் பல ஆயிரம் ஹெர்ட்ஸில்தான் தலைகாட்டும். தரவு வெளிநாட்டுச் சர்வருக்குப் போகிறது என்றால் உங்கள் ஐடி பிரிவின் அனுமதி வேண்டும். அதற்கே இரண்டு மாதம் போகலாம். ஆர்டர் கொடுக்கும் முன் அந்த அனுமதியைத் தொடங்குங்கள்.

அரசு உதவித் தொகை கிடைக்குமா என்று மலேசிய முதலீட்டு மேம்பாட்டு ஆணையமான மீடாவிடமும் விசாரியுங்கள். திட்டங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். ஒப்புதல் கடிதம் கையில் வரும் முன் வாங்கிவிட்ட கருவிக்குப் பணம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

5. புள்ளியைக் குறித்தபின் அளங்கள்

இந்தப் படி சிறியதாகத் தோன்றும். ஆனால் எங்கள் முதல் நான்கு மாதத் தரவு குப்பைக்குப் போனது இதனால்தான். காலை ஷிப்டில் அளந்தவர் மோட்டார் பேரிங் மூடியின்மேல் வைத்தார். இரவு ஷிப்டில் அளந்தவர் விசிறிப் பக்கத்துத் தகரக் கவசத்தின்மேல் வைத்தார். தகரம் தானாகவே அதிரும். ஒரே மோட்டாரின் அதிர்வு வேகம் காலையில் வினாடிக்கு 1.5 மில்லிமீட்டர் என்றும் இரவில் 6 என்றும் காட்டியது. மிஷின் கெட்டுவிட்டதென்று கழற்றிப் பார்த்தோம். பேரிங் புதிது போலவே இருந்தது.

ஆகவே, ஒவ்வொரு பேரிங்குக்கும் நேர்மேலே, சுமையைத் தாங்கும் கனத்த வார்ப்புப் பகுதியில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள பெயின்ட்டை வெள்ளை உலோகம் தெரியும் வரை தேயுங்கள். விரல் நகத்தால் தடவினால் மேடு பள்ளம் தெரியக் கூடாது. ஒரு சிறிய எஃகு வட்டத்தட்டை எபோக்சிப் பசையால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுற்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் வட்டம் போட்டு, புள்ளியின் எண்ணை எழுதுங்கள். மோட்டாரின் விசிறிப் பக்கம் 1, கப்பிளிங் பக்கம் 2, பம்ப்பின் கப்பிளிங் பக்கம் 3, கடைசிப் பக்கம் 4 என்று சக்தி போகும் திசையிலேயே எண் கொடுத்தால் யாருக்கும் குழப்பம் வராது. கிடை, செங்குத்து, அச்சு என மூன்று திசைகளிலும் அளக்க வேண்டும். அச்சுத் திசை ஏதேனும் ஓர் முனையில் போதும். கையால் அழுத்திப் பிடிப்பதைவிடக் காந்தம் நல்லது. காந்தத்தைவிடத் திருகி மாட்டுவது நல்லது. காந்தத்தை டப்பென்று ஒட்டவிடாமல் ஓர் ஓரமாகச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். அந்த அதிர்ச்சியிலேயே சென்சார் கெடும்.

அளக்கும்போது மிஷின் எந்தச் சுமையில், எந்த வேகத்தில் ஓடியது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும் பம்ப்பை ஒரு நாள் 35 ஹெர்ட்ஸிலும் மறுநாள் 50 ஹெர்ட்ஸிலும் அளந்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண்ணெய் மாதிரிக்கும் இதே ஒழுக்கம் வேண்டும். தொட்டியின் அடி வடிகாலிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே பல ஆண்டு வண்டல் இருக்கும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அல்லது நிறுத்திய அரை மணி நேரத்துக்குள், ஃபில்டருக்கு முன்னுள்ள திரும்பு குழாயின் மாதிரி வால்விலிருந்து எடுங்கள். முதலில் வரும் கொஞ்சத்தை வடியவிட்டபின் சுத்தமான புட்டியில் முக்கால் பங்கு நிரப்புங்கள். பயன்படுத்தாத புதிய எண்ணெயிலும் ஒரு மாதிரியை அனுப்புங்கள். ஒப்பிட ஓர் ஆதாரம் இல்லாமல் வரும் அறிக்கை எதையும் சொல்லாது. புதிய டிரம்மிலிருந்து நேராக எடுத்த எண்ணெய்கூட ஹைட்ராலிக் மிஷின் கேட்கும் சுத்தத்தில் பல நேரம் இருப்பதில்லை என்பது அப்போது தெரியவரும்.

வெப்பப் படத்துக்கு, மின்பலகையில் குறைந்தது 40 சதவீதச் சுமையாவது ஓட வேண்டும். பளபளப்பான செம்பு, அலுமினியப் பட்டைகள் கேமராவை ஏமாற்றும்; பக்கத்து மனிதரின் உடல் வெப்பத்தைக்கூடக் கண்ணாடி போலக் காட்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும்போது சார்ஜ்மேனைக் கொண்டு ஒரு சிறு துண்டு கறுப்பு மின்நாடாவை அங்கே ஒட்டிவைத்தால், பிறகு அந்த நாடாவின் வெப்பத்தை அளக்கலாம்.

ஒவ்வொரு மிஷினிலும் குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நாள்களில் அளந்த பிறகே அதை அடிப்படை அளவு என்று எழுதுங்கள். இதற்கு ஆறு வாரம் ஆகும். மேலிடம் அவசரப்படுத்தும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. எல்லை எண்களை எழுதுங்கள்

மோட்டார் போன்ற மிஷின்களுக்கு ஐஎஸ்ஓ 10816-3 என்ற தரநிலை இருந்தது. 2022 முதல் அதன் இடத்தில் 20816-3 உள்ளது. 15 முதல் 300 கிலோவாட் வரையுள்ள, உறுதியான அடித்தளத்தில் நிற்கும் மிஷின்களுக்கு, அதிர்வு வேகத்தின் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) மதிப்பு வினாடிக்கு 1.4 மில்லிமீட்டர் வரை புதிய மிஷினின் நிலை; 2.8 வரை நீண்டகாலம் ஓட்டலாம், 2.8-க்கு மேல் 4.5 வரை திருத்தத்துக்கு ஏற்பாடு செய்யும் வரை மட்டும் ஓட்டலாம், 4.5-ஐத் தாண்டினால் சேதம் விளையும் நிலை. அடித்தளம் நெகிழ்வாக இருந்தால் இதே எல்லைகள் 2.3, 4.5, 7.1 ஆகும். நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் குறைவாக ஓடும் மிஷினுக்கு அளவீட்டின் கீழ்எல்லையை 10 ஹெர்ட்ஸிலிருந்து 2 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். இல்லையேல் எண் பொய்யாகக் குறைந்து தெரியும்.

இந்த எண்களை அப்படியே ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. உங்கள் பம்ப்பின் வழக்கமான அளவு 0.9 என்றால், 2.2-க்கு ஏறியது ஐஎஸ்ஓ அட்டவணைப்படி இன்னும் "ஓட்டலாம்" என்ற பகுதியில்தான் இருக்கும். ஆனால் அது இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது. மாற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு எல்லைகள் எழுதுங்கள்: ஒன்று தரநிலையின் எண், இன்னொன்று உங்கள் அடிப்படை அளவின் இரு மடங்கு. எது முதலில் வருகிறதோ அதுவே எச்சரிக்கை.

மொத்த அதிர்வு வேகம் பேரிங்கின் ஆரம்பச் சேதத்தைக் காட்டாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முடுக்க அளவும், உயர் அதிர்வெண்ணில் திரும்பத் திரும்ப வரும் சிறு அடிகளைப் பிரித்துக் காட்டும் என்வலப் என்ற பகுப்பாய்வும் வேண்டும். வெளியாரின் ஸ்பெக்ட்ரம் அறிக்கையை நீங்களே சரிபார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1475 சுற்று ஓடும். அதாவது வினாடிக்கு 24.6. பேரிங்கில் எட்டுக் குண்டுகள் இருந்தால், வெளிவளையச் சேதம் 0.4 × 8 × 24.6, அதாவது ஏறக்குறைய 79 ஹெர்ட்ஸிலும், உள்வளையச் சேதம் 0.6 × 8 × 24.6, அதாவது ஏறக்குறைய 118 ஹெர்ட்ஸிலும், அவற்றின் மடங்குகளிலும் தெரியும். சரியாக 100 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை நின்றால் அது பேரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. மின்சாரப் பக்கத்தைப் பாருங்கள். மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திய அந்த நொடியே அது மறைந்தால் ஐயமே இல்லை.

மின்பலகையில், ஒரே சுமை தாங்கும் மூன்று ஃபேஸ்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் அன்றே நடவடிக்கை. 4 முதல் 15 டிகிரி என்றால் அடுத்த நிறுத்தத்தில் திருத்தம்.

7. யார் நிறுத்துவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் நாங்கள் தோற்றோம். அந்தக் குளிர்நீர்ப் பம்ப்பின் மோட்டார் மார்ச்சில் 1.6 காட்டியது, ஏப்ரலில் 1.9, மே மாதம் 2.4, ஜூன் முதல் வாரம் 3.3, இரண்டு வாரம் கழித்து 4.1. டெக்னீஷியன் ஒவ்வொரு எண்ணையும் தவறாமல் எழுதினார். தாள் கோப்பில் இருந்தது. உற்பத்திப் பிரிவுக்கு அந்த மாதம் பெரிய ஆர்டர். நிறுத்தச் சொல்ல டெக்னீஷியனுக்கு அதிகாரம் இல்லை. நான் கேட்டபோது "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்கள். நானும் அதை எழுத்தில் வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. பதினான்கு மோல்டிங் மிஷின்களும் நின்றன. நூற்றுச் சொச்சம் ரிங்கிட் பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டியது, ஷாஃப்ட் தேய்ந்து, சுருள் எரிந்து, ஒன்றரை நாள் உற்பத்தி போனபின் முடிந்தது. விடியற்காலையில் நான் போய் நின்றபோது இரவு ஷிப்ட் ஆப்பரேட்டர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, ரெண்டு நாளாவே அந்தப் பக்கம் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

அந்த வாரமே ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்தோம். பச்சை என்றால் வழக்கம்போல் அளப்பது. மஞ்சள் என்றால் அளவீட்டு இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது, உதிரிபாகம் ஸ்டோரில் உள்ளதா என்று அன்றே பார்ப்பது, 48 மணி நேரத்துக்குள் வேலை உத்தரவு திறப்பது. சிவப்பு என்றால் பராமரிப்புப் பொறுப்பாளரே நிறுத்தலாம். அப்படி நிறுத்தக் கூடாது என்று உற்பத்திப் பிரிவு கருதினால், அதன் மேலாளர் பெயர், தேதி, நேரத்தோடு அதே தாளில் கையெழுத்திட்டு ஓட்டலாம். இந்தக் கடைசி வரி வந்த நாளிலிருந்து, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. தாளைத் தொழிற்சாலை மேலாளர் ஒப்பமிட வேண்டும். அதே தாளின் அடியில், ஓசையோ வாசனையோ மாறினால் ஆப்பரேட்டர் அழைக்க வேண்டிய எண்ணை, மலாயிலும் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும், அதாவது உங்கள் தளத்தில் யார் யார் நிற்கிறார்களோ அவர்களின் மொழியில் எழுதி மிஷினருகே ஒட்டுங்கள்.

ஒரு மணி நேரம் நின்றால் என்ன இழப்பு என்ற கணக்கையும் நிதிப் பிரிவிடம் கேட்டு, அவர்களின் கையெழுத்தோடு வைத்திருங்கள். விடுபட்ட உற்பத்தி, மறுபடி ஓட்டும்போது கழிவாகும் பொருள், ஓவர்டைம், அவசர விமானச் சரக்குக் கட்டணம் ஆகிய நான்கும் அதில் வர வேண்டும். பராமரிப்புப் பிரிவு தானே போட்ட கணக்கைக் கூட்டத்தில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

8. ஆளைத் தயார்செய்யுங்கள்

ஐஎஸ்ஓ 18436-2 அதிர்வுத் தகுதி நான்கு நிலைகள் கொண்டது. முதல் நிலைக்கு ஆறு மாதமும் இரண்டாம் நிலைக்குப் பதினெட்டு மாதமும் அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே ஆளை முதலில் அளக்க விட்டு, ஆறு மாதம் கழித்து வகுப்புக்கு அனுப்புவதே நல்லது; கையில் சொந்தத் தரவு இருந்தால் வகுப்பில் கேட்க நூறு கேள்விகள் இருக்கும். ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். அவர் வேறு வேலைக்குப் போன மாதமே திட்டம் நின்றுவிடும்; பினாங்கில் நல்ல டெக்னீஷியனைப் பக்கத்துத் தொழிற்சாலை அழைத்துக்கொள்ள ஒரு வாரம் போதும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள முதலாளி, மாதச் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை ஏற்கெனவே மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருப்பார். பயிற்சிக் கட்டணத்தை அதிலிருந்து பெறலாம். ஆனால் விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். முடிந்தபின் ரசீதோடு போனால் கிடைக்காது. பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தின் பட்டியலையும் பாருங்கள். அடிப்படை மோட்டார், பேரிங், ஹைட்ராலிக் அறிவு இல்லாதவருக்கு நேராக ஸ்பெக்ட்ரம் கற்பிப்பது பலன் தராது.

9. ஆண்டுக் காலண்டரில் இடம் பிடியுங்கள்

சீனப் புத்தாண்டு நிறுத்தம்தான் நமக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. அதற்குப் பத்து வாரம் முன் ஒரு முழு அளவீடு. எட்டு வாரம் முன் உதிரிபாக ஆர்டர். இரண்டு வாரம் முன் கடைசி அளவீடு, அதை வைத்து எதைக் கழற்றுவது என்ற முடிவு. நிறுத்தம் முடிந்து ஓட்டிய முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி அளங்கள். கழற்றி மாட்டியதாலேயே கெடும் மிஷின்கள் உண்டு: பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருப்பார்கள், கப்பிளிங்கை நேர்ப்படுத்தாமல் இறுக்கியிருப்பார்கள், கிரீஸை அளவுக்கு மீறித் திணித்திருப்பார்கள். திருத்தம் செய்த மிஷினுக்குப் பழைய அடிப்படை அளவு செல்லாது, புதிதாக எடுங்கள். ஹரி ராயாவும் தீபாவளியும் குறுகிய நிறுத்தங்கள் என்பதால் மஞ்சள் நிலையில் உள்ள ஒன்றிரண்டு மிஷின்களுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

10. கழற்றியதைத் தூக்கியெறியாதீர்கள்

மாற்றிய ஒவ்வொரு பேரிங்கையும் வெட்டிப் பிளந்து பாருங்கள். வெளிவளையத்தின் ஒரே பக்கத்தில் அரிசிமணி அளவுக்குச் செதில் உதிர்ந்திருந்தால், அறிக்கை சொன்ன 79 ஹெர்ட்ஸ் உண்மை. வளையம் முழுதும் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக இருந்தால், இன்வெர்ட்டரின் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்திருக்கிறது. புதுப் பேரிங் போட்டாலும் அது அப்படியே கெடும், ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ்ஷோ காப்பிட்ட பேரிங்கோ தேவை. கிரீஸ் கறுத்து இறுகியிருந்தால் சூடு. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். படம் எடுத்து, அளவீட்டுத் தாளோடு இணைத்து, மிஷின் எண், கழற்றிய தேதி ஆகியவற்றை எழுதிய உறையில் ஓராண்டு வைத்திருங்கள். அளவீடு சொன்னது ஒன்று, வெட்டியபோது கண்டது வேறொன்று என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எல்லை எண்ணைத் திருத்த வேறு ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

பன்னிரண்டு மாதம் ஆனதும் இருபது மிஷின்களின் வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். ஓராண்டாக அசையாத கோடுகளுக்கு இடைவெளியை நீட்டுங்கள். எச்சரிக்கையே தராமல் நின்றுபோன மிஷினுக்கு அளவீட்டு முறையை மாற்றுங்கள். அப்படி மிச்சமாகும் நேரத்துக்குத் தகுந்தபடி, பட்டியலில் இருபத்தொன்றாவதாக நிற்கும் மிஷினை எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியோடு மறுபடி முதல் படிக்குப் போங்கள்.